கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம்? அமெரிக்க எச்ஓஏ விதிகள் பற்றி ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் முதல்முறை சொந்த வீடு வாங்கும் நம்மவர்களுக்கு வட்டி விகிதம் தெரியும், சொத்து வரி தெரியும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ரேட்டிங் அத்துப்படி. எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும், மாதம் இத்தனை டாலர் என்று பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். குடிபுகுந்து சில வாரத்தில் ஒரு கடிதம் வரும். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது, மறைவாக வைக்கவும். முன்புறப் பாத்தியில் களை மண்டியிருக்கிறது, பத்து நாளுக்குள் எடுக்கவும். அனுமதியில்லாமல் வாசற்கதவின் நிறத்தை மாற்றியிருக்கிறீர்கள், பழைய நிறத்துக்குத் திருப்பவும். கூடவே ஒரு போட்டோ, உங்கள் வீட்டைத் தெருவிலிருந்து எடுத்தது.

"என் காசு, என் வீடு, என் கதவு. இவர்கள் யார் கேட்க?" என்ற கோபம் எல்லாருக்கும் வரும். இவர்கள் யார், இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டவர்கள் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

எச்ஓஏ என்பது ஹோம்ஓனர்ஸ் அசோசியேஷன், வீட்டு உரிமையாளர் சங்கம். ஒரு டெவலப்பர் பெரிய நிலத்தை வாங்கி, மனை பிரித்து, சாலை, பூங்கா, நீச்சல் குளம் எல்லாம் திட்டமிட்டு, நூற்றுக்கணக்கில் வீடு கட்டி விற்கிறார். அந்தப் பொது இடங்களைப் பிறகு யாராவது பராமரிக்க வேண்டும், அதற்குத்தான் சங்கம். அங்கே வீடு வாங்கினால் நீங்கள் தானாகவே உறுப்பினர். விலக வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும், வேறு வழி கிடையாது.

நம் ஊர் அடுக்குமாடிச் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். லிஃப்ட், மோட்டார், வாட்ச்மேன் சம்பளம் என்று பொதுச் செலவைப் பார்ப்பதோடு இதன் வேலை முடிவதில்லை. தனி மனை, தனி வீடு, நான்கு பக்கமும் உங்கள் நிலம் என்றாலும், தெருவிலிருந்து கண்ணில் படும் எல்லாவற்றிலும் இதற்குச் சொல் உண்டு. சுவரின் நிறம், கூரை ஓட்டின் வகை, வேலியின் உயரம், புல்லின் உயரம், தபால் பெட்டியின் வடிவம், டிரைவ்வேயில் நிற்கும் வண்டி, கொடியில் காயும் துணி, கிறிஸ்துமஸ் விளக்கை எப்போது அவிழ்க்க வேண்டும் என்பது வரை.

இது ஏதோ பணக்காரக் குடியிருப்புகளின் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தத் துறையின் அமைப்பான கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்குப்படி, 1970-இல் இப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் 10,000 இருந்தன. இன்று 3,60,000-க்கும் மேல். அடுக்குமாடிகளையும் சேர்த்து ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் இவற்றின் கீழ் வாழ்கிறார்கள். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, ஜார்ஜியாவின் கம்மிங், வட கரோலினாவின் கேரி என்று நம்மவர்கள் கூட்டமாக வீடு வாங்கும் புறநகர்களில், எச்ஓஏ இல்லாத புது வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

எச்ஓஏ அரசாங்கம் கிடையாது. சிட்டியோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்றது) போடும் சட்டம் வேறு, இது வேறு. இதன் பலம் முழுவதும் ஓர் ஆவணத்தில் இருக்கிறது. சிசி அண்ட் ஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்: நிலத்தோடு ஒட்டிய உடன்படிக்கைகள், நிபந்தனைகள், கட்டுப்பாடுகள். முதல் வீடு விற்பதற்கு முன்பே டெவலப்பர் இதை எழுதி, கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுகிறார். பதிந்தபின் அது ஆளைப் பிடிப்பதில்லை, மனையைப் பிடிக்கிறது. இன்று நீங்கள் வாங்கினாலும், இருபது வருடம் கழித்து உங்களிடமிருந்து வேறொருவர் வாங்கினாலும், அதே காகிதம் கூடவே வரும். நீங்கள் படித்தீர்களா, தனியாகக் கையெழுத்துப் போட்டீர்களா என்பது பொருட்டே அல்ல.

நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு வேர் லண்டனில் இருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்தில் நிலம் வைத்திருந்த டல்க் என்பவர், நடுவிலிருந்த தோட்டத்தை 1808-இல் விற்றார், தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கைமாறிக் கைமாறி மாக்ஸ்ஹே என்பவரிடம் அது வந்தபோது, நிபந்தனை தெரிந்தே வாங்கியவர், அங்கே கட்டடம் எழுப்பப் பார்த்தார். 1848-இல் வந்த தீர்ப்பு: நிபந்தனை இருப்பது தெரிந்து வாங்கியவர் அதை மீற முடியாது. அமெரிக்க டெவலப்பர்கள் இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார்கள்.

கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற டெவலப்பர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கன்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்பை வளர்த்தார். வீட்டுக்குக் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு, தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் பத்திரத்தில் எழுதினார். காலம் முடிந்ததும் காலாவதியாகாமல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படியும் எழுதினார். நிறுத்த வேண்டுமென்றால், பெரும்பாலான உரிமையாளர்கள் பல வருடம் முன்கூட்டியே ஒன்றுசேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். யார் சேர்வார்கள்? விதிகள் நிலைத்துவிட்டன.

அதே பத்திரங்களில் இன்னொரு வரியும் இருந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இந்த வரலாற்றைச் சொல்லாமல் தோற்ற விதிகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. புல்வெளி பற்றிய விதியும் தோல் நிறம் பற்றிய விதியும் ஒரே காகிதத்தில், ஒரே நோக்கத்தோடு எழுதப்பட்டவை: 'இந்தத் தெரு இப்படித்தான் தெரிய வேண்டும்.' 1947-இல் நியூயார்க்கில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற குடியிருப்பிலும் இதுவே கதை. வேலி கூடாது, வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வார இறுதியில் வெளியே துணி காயப்போடக் கூடாது, வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது.

செயின்ட் லூயிஸ் நகரில் 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டின் மேல் 1911-இல் எழுதிய இப்படியொரு தடை இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தனியார் ஒப்பந்தம்தான் என்றாலும் அதை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுத்தால் அது அரசே பாகுபாடு காட்டுவதாகும் என்று 1948-இல் தீர்ப்பானது. 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் பாகுபாட்டையே தடை செய்தது. இன விதிகள் செத்தன, தோற்ற விதிகள் பிழைத்துக்கொண்டன. 2020-இல் கன்சாஸ் சிட்டி தன் புகழ்பெற்ற நீரூற்றிலிருந்து நிக்கோல்ஸின் பெயரை எடுத்துவிட்டது. அவர் கண்டுபிடித்த முறை மட்டும் நாடு முழுக்க நடக்கிறது.

1960-களுக்குப் பிறகு இந்தச் சங்கங்கள் இப்படிப் பெருகியதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, பணமும்தான். சாலை, வடிகால், பூங்கா எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொண்டால் சிட்டிக்குச் செலவு மிச்சம், வரி மட்டும் முழுசாக வரும். கலிஃபோர்னியாவில் 1978-இல் சொத்து வரிக்கு வரம்பு கட்டிய பிறகு, நகராட்சிகள் இதை இன்னும் விரும்பின. டெவலப்பருக்கு வேறொரு லாபம். நூறாவது வீட்டை விற்கும்வரை முதல் வீடு மாடல் வீடு போலவே இருக்க வேண்டும். முதலில் குடிவந்தவர் சுவருக்கு ஊதா அடித்து, முன்னால் பழுதான காரை நிறுத்தினால், அடுத்து வாங்க வருபவர் திரும்பிப் போய்விடுவார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தோற்ற விதிகள் பெரும்பாலும் அங்கே வாழ்பவர்கள் கூடிப் பேசி எழுதியவை அல்ல. ஒருவர்கூடக் குடிவராத காலத்தில், விற்பவரின் வக்கீல் எழுதியவை. வாங்க வருபவரின் கண்ணுக்காக எழுதிய விதியோடு, வாழ வந்தவர் முப்பது வருடம் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. வாக்களித்து மாற்றலாம் என்பார்கள். டெக்சாஸில் பொதுவாக மொத்த வாக்குகளில் 67 சதவீதம் வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவதே பெரிது என்றிருக்கும் இடத்தில் 67 சதவீதத்துக்கு எங்கே போவது?

விதி என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஃபுளோரிடாவில் ஒரே மாநிலத்துக்குள் இரண்டு ஊர்களைப் பாருங்கள். டிஸ்னி நிறுவனம் உருவாக்கிய செலிப்ரேஷனில் 1996-இல் முதல் குடும்பங்கள் குடியேறின. வீடு ஆறு பாணிகளில் ஒன்றில் இருக்க வேண்டும், தெருப்பக்க ஜன்னல் திரை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று விதி. 1981-இல் தொடங்கிய சீசைடிலும் கண்டிப்பான விதிகள் உண்டு. ஆனால் அங்கே முன்வேலி கட்டாயம் என்ற விதியோடு, ஒரு தெருவில் ஒரு வேலியைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது என்பதும் விதி. முன்புறம் புல்வெளி கூடாது, அந்த மணலில் தானாக வளரும் செடிகளே வேண்டும். கண்டிப்பு இரண்டு ஊரிலும் உண்டு. ஒன்று எல்லாரையும் ஒன்றுபோல ஆக்குகிறது, மற்றது ஒவ்வொருவரையும் வேறுபடச் சொல்கிறது, மண்ணையும் மதிக்கிறது. சீசைடின் விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விதி யாருக்காக என்று யோசித்து எழுதினால் இப்படியும் எழுத முடியும்.

நடைமுறையில் எப்படி இருக்கும்

வாசற்கதவுக்கு அடர்நீலம் அடிக்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் சங்கத்தின் ஆர்க்கிடெக்ச்சுரல் கமிட்டியிடம் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். 'நீலம்' என்று எழுதினால் திரும்பி வரும். பெயிண்ட் கம்பெனி, நிறத்தின் பெயர், எண் மூன்றும் வேண்டும்: ஷெர்வின்-வில்லியம்ஸ், நேவல், 6244. கடையில் இலவசமாகத் தரும் நிற அட்டையை ஒட்டி, வீட்டின் முகப்புப் படத்தையும் இணைக்க வேண்டும். வேலி, ஷெட், வெளிமுற்றம் (பேட்டியோ) என்றால் மனையின் சர்வே நகலில் இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். சில சங்கங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தும் கேட்கும். முப்பது நாளோ நாற்பத்தைந்து நாளோ கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் சில ஊர்களில் அனுமதி தந்ததாக அர்த்தம், சில ஊர்களில் மறுத்ததாக அர்த்தம். இதை உங்கள் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளாமல் பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம்.

அனுமதிக் கடிதம் வந்தால் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் விற்கும்போது, வாங்குபவருக்காகச் சங்கம் ஒரு சான்றிதழ் தரும். கணக்கில் பாக்கி உண்டா, விதிமீறல் ஏதும் நிலுவையில் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். எட்டு வருடத்துக்கு முன் வாய்மொழியாக 'பரவாயில்லை' என்று சொன்ன கமிட்டிக்காரர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

நிறம் என்றதும் ஒன்று. அனுமதிக்கப்பட்ட பட்டியல் பெரும்பாலும் மணல், களிமண், சாம்பல், இளம்பழுப்பு என்றே போகும். பச்சையும் ரோஸும் மாம்பழ மஞ்சளுமாக வீடுகள் நிற்கும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இது சோகையாகத்தான் தெரியும். அந்த உணர்வைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எது 'நல்ல ரசனை' என்பதை ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் கண் முடிவு செய்து காகிதமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

விதியை மீறினால் முதலில் அறிவிப்பு, சரிசெய்ய அவகாசம், அதன்பின் அபராதம். டெக்சாஸில் அபராதத்துக்கு முன், சங்கத்தை நடத்தும் போர்டு முன்பாக விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, முப்பது நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கோபத்தில் கடிதத்தைக் கிழித்துப் போடுபவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான். போட்டோ எடுத்து, தேதி போட்டு, 'சரிசெய்துவிட்டேன்' என்றோ 'இதில் தவறு இல்லை, காரணம் இது' என்றோ பதில் போடுங்கள். அதே குற்றம் பத்து வீட்டில் இருக்க உங்களுக்கு மட்டும் கடிதம் வந்தால் அதையும் படத்தோடு பதிவு செய்யுங்கள். ஆளுக்கொரு நியாயம் என்று காட்ட முடிந்தால் நீதிமன்றத்தில் அது எடுபடும்.

அபராதத்தைவிட ஆபத்தானது சந்தா பாக்கி. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பணம் நின்றுபோனால் வீட்டின் மேல் லீன் விழும், அதாவது பாக்கிக்கு ஈடாக வீட்டின் மேல் சங்கத்துக்கு உரிமை வரும், அது ஏலம் வரை போகலாம். ஃபிரிஸ்கோவில் 2008-இல் நடந்தது இது: ஈராக்கில் பணியிலிருந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீடு, சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ளது, வங்கிக் கடன் எதுவும் இல்லாதது, ஆயிரம் டாலருக்கும் குறைவான சந்தா பாக்கிக்காகச் சில ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அவர் வழக்குப் போட்டு, சமரசத்தில் வீட்டைத் திரும்பப் பெற்றார். 2011-இல் டெக்சாஸ் சட்டத்தைத் திருத்தி, சங்கம் ஏலத்துக்குப் போகும் முன் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும் என்றாக்கியது. வெறும் அபராதத்துக்காக அங்கே வீட்டை ஏலம் விட முடியாது. அதனால் சண்டை எதுவாக இருந்தாலும் சந்தாவை நிறுத்தாதீர்கள். 'தப்பான கடிதம் அனுப்பினான், இந்த மாதம் காசு கிடையாது' என்பது நமக்கு நியாயமாகத் தோன்றலாம், சட்டத்துக்குத் தோன்றாது.

சங்கம் தொட முடியாதவை

நீதிமன்றத்துக்குப் போனால் ஜெயித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 1994-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில், கல்வர் சிட்டியின் ஓர் அடுக்குமாடியில் மூன்று பூனைகளோடு வாழ்ந்த பெண்மணியின் வழக்கு வந்தது. பூனைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, யாருக்கும் தொந்தரவில்லை என்பது அவர் வாதம். பதிவான ஆவணத்தில் உள்ள தடை நியாயமானது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இந்த ஒருவருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை, மொத்தக் குடியிருப்பையும் வைத்துத்தான் பார்ப்போம் என்றது நீதிமன்றம். பதிவான ஆவணத்துக்கு இருக்கும் பலம் அத்தகையது. போர்டு பின்னாளில் தானாகப் போடும் விதிகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

சட்டமன்றங்கள்தாம் ஓரளவு கை கொடுத்திருக்கின்றன. ஒரு மீட்டர் வரையிலான டிஷ் ஆன்டெனாவை உங்கள் சொந்த இடத்தில் வைக்க 1996 முதல் மத்திய அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி இடம் தருகிறது. அமெரிக்கக் கொடியைப் பறக்கவிட 2006 முதல் மத்திய சட்டம் உண்டு. ஃபுளோரிடாவில் துணி காயப்போடும் கொடியை முழுவதுமாகத் தடை செய்ய முடியாது. அங்கேயே 2024-இல் வந்த சட்டம், குப்பை அள்ளும் நாளுக்கு 24 மணி நேரம் முன்பின் தொட்டி வெளியே இருந்தால் அபராதம் கூடாது என்கிறது. இப்படியொரு விஷயத்துக்கு மாநிலச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதே கடிதங்கள் எவ்வளவு தூரம் போயிருந்தன என்பதைக் காட்டுகிறது.

தண்ணீர் விஷயத்தில் இந்த மாற்றம் இன்னும் முக்கியமானது. ஆகஸ்ட் வெயிலில் டல்லாஸ் பக்கம் புல்வெளியைப் பச்சையாக வைத்திருக்க எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பில் கட்டுபவர்களுக்குத் தெரியும். வறட்சி அவசரநிலை இருக்கும்போது, நீர் ஊற்றாததற்காக அபராதம் போடக் கூடாது என்று கலிஃபோர்னியா 2014-இல் சட்டம் போட்டது. வறட்சி தாங்கும் செடிகளைத் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் 2013-இலேயே சொல்லிவிட்டது, திட்டத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம். மேரிலாந்தின் கொலம்பியாவில் ஒரு தம்பதி புல்லை எடுத்துவிட்டுத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும் உள்ளூர்ச் செடிகளை வளர்த்தார்கள். சங்கம் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அவர்கள் பணியவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்து தோட்டம் தப்பியது. அதோடு நிற்காமல், இப்படிப்பட்ட தோட்டங்களைச் சங்கங்கள் தடுக்க முடியாதபடி 2021-இல் மாநிலச் சட்டமே வந்தது. இரண்டு பேரின் பிடிவாதம் மொத்த மாநிலத்துக்கும் உதவியிருக்கிறது.

நம்மவர்கள் அதிகம் கேட்பது மாவிலைத் தோரணம், வாசற்கோலம், துளசி மாடம் பற்றி. டெக்சாஸில் 2011 முதல் வாசற்கதவிலோ நிலையிலோ 25 சதுர அங்குலத்துக்குள் சமயச் சின்னம் வைக்கச் சட்டம் அனுமதித்தது. 2021-இல் அந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, மனையில் வேறிடத்திலும் வைக்கலாம் என்றாக்கினார்கள். பொது இடம், பாதுகாப்பு, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி போன்ற வரம்புகள் உண்டு. எனவே அங்கே தோரணத்துக்கு யாராவது கடிதம் அனுப்பினால் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பதில் எழுதுங்கள். அரிசி மாக்கோலம் மழையில் போய்விடும் என்பதால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. டிரைவ்வே கான்கிரீட்டில் பெயிண்டால் நிரந்தரக் கோலம் போடுவதென்றால் முதலில் விண்ணப்பம் கொடுப்பது நல்லது. துளசி மாடம் பின்கட்டில் ஆறடி வேலிக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை எழாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

ஆஃபர் கொடுக்கும் கட்டத்திலேயே சிசி அண்ட் ஆர், துணைவிதிகள், டிசைன் கையேடு, கடந்த ஒரு வருட மீட்டிங் குறிப்புகள், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஏஜென்டிடம் கேளுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், சலிக்காமல் படியுங்கள். முதலில் நீங்கள் செய்யப்போவது எதுவோ அதைத் தேடுங்கள்: காய்கறித் தோட்டம், சோலார், அம்மா அப்பா வந்து தங்க ஓர் அறை, வீட்டு முன் நிற்கும் வேலை வேன், வாடகைக்கு விடும் எண்ணம். அடுத்து, போர்டு இன்னும் டெவலப்பர் கையில் இருக்கிறதா, குடியிருப்பவர்கள் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். டெவலப்பர் கையில் இருக்கும்வரை உங்கள் வாக்குக்கு மதிப்பு குறைவு. மாலையில் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து, வெளியே நிற்பவர்களிடம் 'கடிதம் அடிக்கடி வருமா?' என்று கேட்டால், கையேட்டில் இல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். போர்டு என்பது சம்பளம் வாங்காத மூன்று நான்கு அண்டை வீட்டார்தான், சிலரோ பலரோ நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள். கூட்டத்தில் ஆளே இல்லாததால் அவர்கள் ரசனையே ஊர் ரசனை ஆகிவிடுகிறது. டெக்சாஸில் நாற்பது மனைக்கு மேலுள்ள குடியிருப்புகளில் போர்டில் இருப்பவரோ அவர் வாழ்க்கைத் துணையோ வீட்டில் உடன் வசிப்பவரோ ஆர்க்கிடெக்ச்சுரல் கமிட்டியில் உட்காரக் கூடாது என்று 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. அந்தக் கமிட்டிக்கு ஆள் தேடி வரும் மின்னஞ்சலைப் பெரும்பாலானோர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். அடுத்த முறை வந்தால் உங்கள் பெயரைக் கொடுங்கள். பட்டியலில் நான்கு நிறம் கூட்டுவதற்கும், புல்லுக்குப் பதில் நாட்டுச்செடி வைக்க வழிவிடுவதற்கும் பல இடங்களில் 67 சதவீதம் தேவையில்லை. டிசைன் கையேட்டை மாற்றப் போர்டின் பெரும்பான்மையே போதும்.